யாருகிட்ட சொல்லி வச்சே?

2025 அக்டோபரில் 1000 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். போட்டி கிடையாது, பதக்கம் கிடையாது. எந்த நற்பணிக்கும் நிதி திரட்டவில்லை. 31 நாளுக்கு 1000 என்றால் நாளுக்கு 32 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பொறியாளனால் முடியக்கூடியதுதான், ஆனால் சும்மா முடிந்துவிடாது. அந்த அளவு எனக்குப் பிடித்திருந்தது. சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில், அக்டோபர் தாளின் மூலையில் சிவப்புப் பேனாவால் ‘1000’ என்று எழுதி வைத்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “யாருக்குடா ஆயிரம் வெள்ளி கொடுக்கணும்?” என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அம்மா சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார் என்று மாதக் கடைசியில்தான் புரிந்தது.

சிம்பாங் என்றால் மலாயில் சந்தி. ரெங்கத்துக்குப் பிரியும் சந்தி என்பதே எங்கள் ஊருக்குப் பெயராக நின்றுவிட்டது. ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலை ஊர் வழியாகப் போகிறது. வடக்கே மாச்சாப், ஆயர் ஹீத்தாம். தெற்கே கூலாய். மேற்கே திரும்பினால் பெனூட், அதற்கப்புறம் கடல். கிழக்கே ரெங்கம். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகு தூரப் பயணக் கார்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன. பழைய சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் அன்னாசி வண்டிகளும் பக்கத்து ஊர் மோட்டார்களும்தான் அதிகம். லோரி பக்கத்தில் கடக்கும்போது உடம்பு ஒரு நிமிஷம் சுருங்கும். மற்றபடி அதிகாலையில் அது நல்ல சாலை.

முதல் வாரம் கணக்குச் சரியாக நடந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து மழை. பருவமழை மாறும் காலம் என்பதால் மதியத்துக்கு மேல் இடி இடிக்க ஆரம்பித்துவிடும். வேலை முடிந்து வெளியே வந்தால் சாலை ஆறு மாதிரி கிடக்கும். ஒருநாள் 39.2-இல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். கைப்பேசியைப் பார்த்தேன். வாசலிலேயே திரும்பி, தாமானின் பூப்பந்துத் திடலைச் சுற்றிச் சுற்றி 40 ஆக்கினேன். எதிர்வீட்டு ஆன்ட்டி துணி எடுக்க வந்தவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். 20-ஆம் தேதி தீபாவளி. அன்று இரவு 645-இல் இருந்திருக்க வேண்டியவன் 560-இல் இருந்தேன். அதன் பிறகு நான் சைக்கிள் ஓட்டவில்லை, பாக்கியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

24-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை அப்பாவின் கூட்டாளி ஒருவர் இறந்துபோனார். நான் மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவர். அப்பாவும் அவரும் ஒரே தோட்டம், அடுத்தடுத்த லயம். எண்பதுகளில் பால்மரம் வெட்டப் போன காலத்தில் இருவரும் பங்கு போட்டு ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். பட்டணத்துக்குப் படம் பார்க்கப் போனால் போகும்போது ஒருவர் மிதிப்பார், வரும்போது மற்றவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, இரண்டு பேரும் சிம்பாங் ரெங்கத்தில் வெவ்வேறு தாமான்களுக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை பசியாற ஒன்றாகத்தான் போவார்கள்.

“நாளைக்கு ஒரு மணிக்கு எடுக்குறாங்களாம். குளுவாங் மின்சுடலைக்குப் போகணும். நீ காடிய எடுத்துட்டு வந்துரு” என்றார் அப்பா. கண்ணில் புரை நீக்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவர் ஓட்ட முடியாது. காலையில் அண்ணன் அவரை இழவு வீட்டில் இறக்கிவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவான். நான் பன்னிரண்டரைக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அப்போது என் கணக்கு 690. சனிக்கிழமை 110 ஓட்டினால்தான் மீள முடியும்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். பெனூட் போய், கடலோரச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். வழியில் ஒரு பஞ்சர். மறுபடி ஊர்ச் சந்திக்கு வந்து நின்றபோது மணி 11.40. கைப்பேசியில் 88. வீடு இரண்டு கிலோமீட்டர். போய்க் குளித்து, சட்டை மாற்றி, பன்னிரண்டரைக்கு மாமா வீட்டில் இருந்திருக்கலாம். நேராகக் கிழக்கே போய், ரெங்கம் பக்கம் திரும்பி வந்தால் 112. மனதுக்குள் கணக்குப் போட்டேன்: 50 நிமிஷம், குளிக்க 10 நிமிஷம், ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடி போய்விடலாம். 88 கிலோமீட்டர் ஓடிய காலையும் உச்சிவெயிலையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கத் தெரியாதவன் இல்லை நான். என் தொழிலே அதுதான்.

மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது 1.25. வண்டி சரியாக ஒரு மணிக்கே எடுத்துவிட்டார்கள். கூடாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. இரண்டு மூன்று பேர் தங்கள் காரில் வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். “என் மவன் வந்துருவான்னு சொல்லிட்டேன்” என்றார். இப்போதே கிளம்பினால் குளுவாங் போய்விடலாம் என்றேன். “போறதுக்குள்ள உள்ள அனுப்பிருவாங்க. சாப்டியா நீ?” என்றார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டதால் நானே விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். “இந்த மாசம் ஆயிரம் கிலோமீட்டர்னு சொல்லி வச்சிருந்தேன்ப்பா, அதான்…”

அப்பா கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “யாருகிட்ட சொல்லி வச்சே?”

அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவின் உலகத்தில் சொல்லி வைப்பது என்றால் எதிரில் ஒருவர் இருப்பார். நேர்த்திக்கடனுக்குக்கூட அப்படித்தான். நான் எஸ்.பி.எம். தேறினால் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். எடுத்தார், 272 படி. அந்த வாக்குக்கு முருகன் எதிர்த்தரப்பு. உடம்பு முடியாமல் போனால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு, அடுத்த வருஷம் செய்கிறேன் என்று தவணை கேட்கலாம். கேட்க ஆள் இருப்பதால்தான் தவணையும் இருக்கிறது. தோட்டத்தில் அப்பாவைப் பற்றிய எண்களும் அப்படித்தான். பெரட்டில் பேர், எத்தனை மரம், எத்தனை கிலோ பால், எல்லாம் கிராணியின் புத்தகத்தில் இருந்தன. அதை வைத்துத்தான் சம்பளம். அந்தப் பங்குச் சைக்கிளில் இருவரும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போனார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்பாவை மற்றவர்கள் எண்ணினார்கள். நான் என்னை நானே எண்ணிக்கொள்கிறேன். அதை ஒரு விடுதலை என்றே நினைத்திருந்தேன்.

தனக்குத் தானே கொடுக்கும் வாக்கு ஒரு வாக்குதானா என்பது பழைய கேள்வி. தாமஸ் ஹாப்ஸ் 1651-இல் வெளியான ‘லெவியதான்’ நூலில் போகிற போக்கில் அதை முடித்துவிடுகிறார். கட்டியவனால் அவிழ்க்கவும் முடியும். ஆகவே தனக்கு மட்டும் கட்டுப்பட்டவன் கட்டுப்பட்டவனே இல்லை என்பது அவர் வாதம். இம்மானுவேல் காண்ட் 1797-இல் அதே சிக்கலை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறார். தன்னிடம் தனக்கு ஒரு கடமையும் இல்லை என்றால், வேறு யாரிடமும் கடமை இருக்க முடியாது என்கிறார். பிறரிடம் நான் கடமைப்படுவதுகூட என் அறிவே என்னைக் கட்டுவதால்தானே என்பது அவருடைய கேள்வி.

ஹாப்ஸ் சொல்வது தர்க்கமாகச் சரி. ஆனால் அனுபவம் அப்படி இல்லை. 39.2-இல் வாசலில் நின்றவனைத் திடலைச் சுற்ற வைத்தது எது? யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் ஒரு கட்டு இருந்தது. அதன் நல்ல முகத்தைக் காட்ட ஒரு சைக்கிள்காரரின் கதையைச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் அவரை வேறு ஒரு காரணத்துக்காக அறிந்திருப்போம், அனேகமாகக் கொஞ்சம் கோபத்தோடு.

ஆர்தர் எடிங்டன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் கேம்பிரிட்ஜ் போன சுப்பிரமணியன் சந்திரசேகரின் ஆய்வை, 1935 ஜனவரி 11 அன்று லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேலிக்கு ஆளாக்கியவர். வெள்ளைக் குறுமீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற அந்த ஆய்வு சரி என்று உலகம் ஒப்புக்கொண்டது. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள். எடிங்டன் தன் கடிதங்களில் சந்திரசேகருக்குத் தவறாமல் ஒரு செய்தி சொல்வார்: தன்னுடைய சைக்கிள் எண்.

அந்த எண்ணை அவரே உருவாக்கினார். குறைந்தது 50 மைல் வீதம் 50 நாட்கள் ஓட்டியிருந்தால் உங்கள் எண் 50. 51 ஆக வேண்டுமென்றால் குறைந்தது 51 மைல் ஓட்டிய நாட்கள் 51 இருக்க வேண்டும். மேலே போகப் போகப் பழைய பயணங்கள் உதவாமல் போகும். எழுபதுகளின் நடுவுக்கு வந்துவிட்ட எடிங்டன், 1938-இல் எழுதிய கடிதத்தில் ஒரு சின்ன வருத்தத்தைச் சொல்கிறார். அந்த ஈஸ்டர் விடுமுறையில் இரண்டு நாள் 74¾ மைல் ஓட்டினாராம். அவை கணக்கில் சேராது.

கால் மைல் என்பது 400 மீட்டர். தங்கிய விடுதியை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கலாம். முக்காலை ஒன்றாக எழுதியிருக்கலாம், யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. 1919 சூரிய கிரகணத்தை அளந்து ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்குச் சான்று தந்த மனிதர், ஒருவருக்கும் பயனில்லாத இந்த எண்ணில் அதே கண்டிப்போடு இருக்கிறார். இது விளையாட்டுத்தான். ஆனால் பார்ப்பவர் இல்லாத இடத்தில் பொய் சொல்லாமல் இருக்க ஒரு மனிதன் பழகும் இடமும் இதுதான். காண்ட் சொல்லும் கடமைக்கு எனக்குத் தெரிந்த எளிய உதாரணம் இந்த 74¾. திடலைச் சுற்றி 40 ஆக்கிய என்னைவிட, 74¾-ஐ அப்படியே விட்டவர் தன் எண்ணுக்கு உண்மையாக இருந்தார்.

ஆக, தனக்குக் கொடுத்த வாக்கு கட்டும். அப்படியென்றால் அன்று சந்தியில் நான் கிழக்கே திரும்பியதும் சரிதானா?

இங்கேதான் பீஷ்மர் நினைவுக்கு வருகிறார். அவருடைய சபதத்துக்கு முதலில் எதிர்த்தரப்பு இருந்தது. அப்பா சந்தனு சத்தியவதியை மணக்க வேண்டும் என்பதற்காக, சத்தியவதியின் தந்தையிடம் கொடுத்த வாக்கு அது. அரசும் வேண்டாம், திருமணமும் வேண்டாம். பிறகு சந்தனு இறக்கிறார். சத்தியவதியின் இரண்டு மகன்களும் வாரிசில்லாமல் இறக்கிறார்கள். யாருக்காக அந்தச் சபதம் எடுக்கப்பட்டதோ அந்தச் சத்தியவதியே வந்து, குலம் அழிகிறது, சபதத்தை விட்டுவிடு என்கிறார். பீஷ்மர் மறுத்துவிடுகிறார். அதை உறுதி என்று புகழ்ந்துதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அந்த நொடியில் சபதம் கைமாறிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்கியவர்கள் விடுவித்துவிட்டார்கள். இனி அது அவர் தனக்குக் கொடுத்துக்கொண்ட வாக்கு மட்டுமே. அதன் விலையை மற்றவர்கள் கொடுக்கிறார்கள்.

இதிலிருந்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு என்னைக் கட்டும்; அதோடு எனக்கு ஒரு காரணமாகவும் உதவும். “அவருக்கு வாக்குக் கொடுத்துட்டேன், வர முடியல” என்று நான் நியாயமாகச் சொல்லலாம், ஏனென்றால் அவிழ்க்கும் உரிமை என் கையில் இல்லை. தனக்குக் கொடுத்த வாக்கும் கட்டும். ஆனால் அதைக் காரணமாகக் காட்ட முடியாது. அவிழ்க்கும் ஆள் என்னோடேயே இருக்கிறான், அந்தச் சந்தியில் என் சைக்கிளில்தான் உட்கார்ந்திருந்தான். “ஆயிரம்னு சொல்லி வச்சிருந்தேன்” என்று அப்பாவிடம் சொன்னபோது, ஏதோ வெளியிலிருந்து ஒரு கை என்னை ரெங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனது போலப் பேசினேன். அப்படி ஒரு கை இல்லை. அப்பாவின் கேள்வி அதைத்தான் கேட்டது.

இன்னொன்றும் உண்டு. அன்று என்னிடம் இரண்டு வாக்குகள் இருந்தன. ஆயிரம், பன்னிரண்டரை. முதலாவது என்னிடம், இரண்டாவது அப்பாவிடம். அப்பாவிடம் சொன்னதைச் சொல்லி வைத்த கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை. நாள்காட்டியில் சிவப்பில் இருந்தது ஆயிரம் மட்டும்தான். அதைக் கைப்பேசி அளக்கிறது, வரைபடம் போடுகிறது, இன்னும் இவ்வளவு பாக்கி என்று காட்டுகிறது. அப்பா எதையும் காட்டுவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் மவன் வந்துருவான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அளக்கப்படும் வாக்கு சத்தம் போடுகிறது, அளக்கப்படாதது சும்மா இருக்கிறது. ஒழுக்கமானவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான் இது நடந்தது. ஐந்தரைக்கு எழுந்தவன், இனிப்பைக் குறைத்தவன், மழையில் நனைந்தவன். எல்லாம் உண்மை. சுயஒழுக்கம் எனக்குப் பெருமையாக இருந்தது. அது மற்றவர்களுக்குத் தர வேண்டியதற்கு மாற்றாகாது என்பது தெரியவில்லை.

அன்றோடு சைக்கிளை நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நிறுத்தவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை 70 ஓட்டினேன். அடுத்த நான்கு நாளில் 102. நடந்தது நடந்துவிட்டது, எண்ணையாவது காப்பாற்றுவோம் என்ற எண்ணம். தப்பு செய்தவன் தன் தப்புக்கு ஒரு பலனாவது இருக்கட்டும் என்று பிடித்துக்கொள்வான் போல.

31-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. 974. பாக்கி 26, அதாவது ஒரு மணி நேரம். அன்றே மாமாவுக்கு எட்டாம் நாள் துக்கம், மாலை ஏழரைக்கு. ஐந்தரைக்கு வேலை முடியும். ஓட்டிவிட்டு, குளித்துவிட்டு, எட்டு மணிக்குப் போயிருக்கலாம். அண்ணனும் அன்று வீட்டில்தான் இருந்தான். அப்பா என்னைக் கூப்பிடவில்லை. நானே அவனிடம், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். ஏழு மணிக்கே கிளம்பினோம்.

அதை ஒரு பெரிய துறவாகச் சொல்லக் கூடாது. ஆறு மணிக்கு மாச்சாப் பக்கம் வானம் கறுத்திருந்தது. மழை வரும், எப்படியும் ஓட்ட முடியாது என்று மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் மழை பெய்யவில்லை. வானம் தெளிவாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. எண்ணுக்கு வேண்டுமானால் 74¾ அளவுக்குக் கறாராக இருக்கலாம். நம் நோக்கங்களை அப்படி அளக்கக் கருவி இல்லை. ஒன்று மட்டும் தெரியும்: அந்தத் தடவை, ஆயிரம் என்னைப் போகச் சொல்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

நவம்பரில் 26-ஐச் சேர்த்து ஓட்டிக் கணக்கை முடிக்கவில்லை. அக்டோபர் என்றால் அக்டோபர்தான். தாளைக் கிழிப்பதற்கு முன்பு ‘1000’-க்குக் கீழே ‘974’ என்று எழுதினேன். அடுத்த முறையும் ஏதாவது ஒரு மாதத்தில் 1000 முயல்வேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கட்டு எனக்குத் தேவை. அது இல்லாவிட்டால் மழையைச் சாக்காக வைத்து வீட்டிலேயே படுத்துக் கிடப்பேன். ஆனால் அப்பாவிடம் பட்ட பாக்கி கிலோமீட்டரில் தீராது. மாமாவின் உடல் உள்ளே போவதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டியவர் அவர். அதை இனி எந்தத் தவணையிலும் கட்ட முடியாது.

எட்டாம் நாள் துக்கத்தில் படையல் முடிந்து, பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பழைய தோட்டத்து ஆள் ஒருவர் வந்து, “கண்ணு எப்படிண்ணே இருக்கு?” என்று விசாரித்தார். பரவாயில்லை என்றார் அப்பா. பிறகு, அவர் கேட்காமலே, என் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: “மவன்தான் கூட்டிட்டு வந்தான்.”